பாத்திரம் கழுவிய பிறகு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, உயர்நிலை மூன்று. ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதில்லை என்று செய்தியில் பார்த்ததிலிருந்து, ஆசிரியையாகி அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்கிறாள். பொறுப்பான பிள்ளை. இரவு பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தை எடுப்பாள். அண்ணன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பதால் அவனை நான் கூப்பிடுவதில்லை. இப்போது மதிப்பெண் இறங்கிவிட்டது. மேலே படிக்கவைக்கப் பணத்துக்கும் யோசனையாக இருக்கிறது. இவ்வளவு பெரிய ஆசை வேண்டாம் என்று எப்படிப் பக்குவமாகச் சொல்வது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஆசையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பத்து மணிக்கு வாருங்கள்.

அண்ணன் படிக்கிறான், அதனால் கூப்பிடுவதில்லை. சரி. அவள் என்னம்மா செய்கிறாள்? விடியுமுன் எழுந்து பள்ளிக்கு ஓடி, இணைப்பாட நடவடிக்கை முடிந்து சாயங்காலம் வீடு வருகிறவள். நாலு பேர் சாப்பிட்ட தட்டு, குழம்புச் சட்டி, அடுப்பு மேடை எல்லாம் முடித்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலோடு கணக்குப் போட உட்கார்ந்தால் மதிப்பெண் இறங்காமல் என்ன செய்யும்? இதில் "பொறுப்பான பிள்ளை" என்று பட்டம் வேறு!

என் அக்காவுக்கும் இதே பட்டம்தான். படிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தொடக்கநிலை ஆறோடு நின்றாள். கட்டாயக் கல்விச் சட்டம் இங்கே நடப்புக்கு வந்ததே 2003-இல்தான். அதுவும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு. இரவு பத்து மணிக்கு உங்கள் சமையலறையை எட்டிப்பார்க்க எந்தச் சட்டமும் வராது.

ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எத்தனையோ செய்திகள் வருகின்றன. உங்கள் மகள் இதை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று யோசித்தீர்களா? கோபம் வந்தாலும் யோசியுங்கள்.

அவளை வேலையே செய்ய விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டு வேலை தெரிந்து வளர வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பிள்ளைகள் என்றால் இருவரும்தான். அப்பாவுக்கும் கை இருக்கிறது. உங்கள் பையன் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவச் சேவைக்குப் போனால் கழிவறை கழுவச் சொல்வார்கள். "அம்மா என்னைக் கூப்பிடுவதில்லை" என்று அங்கே போய்ச் சொல்லட்டும், பார்க்கலாம்.

பணக் கவலைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கல்வி அமைச்சின் கடன் திட்டத்தில் கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. மதிப்பெண்ணுக்கு, இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பின் துணைப்பாட வகுப்பை விசாரியுங்கள். ஆசிரியையாகப் பயிற்சி பெறத் தேசிய கல்விக் கழகம் இருக்கிறது. நிலாவையா கேட்டாள் பிள்ளை?

இன்றைக்கு எட்டு மணிக்கே அவளைச் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்கார வையுங்கள். பாத்திரம் பையனுக்கு. முதல் வாரம் சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். அவன் தூங்கிய பிறகு எழுந்துபோய் நீங்கள் திரும்பக் கழுவாதீர்கள்.