ஏசி, ஹீட் பம்ப்: கரண்ட் கோளாறு கேள்வி பதில்

கேள்வி (குளச்சல்): அண்ணா, கடலோர வீடு. பழைய 1.5 டன் ஏசி, இன்வெர்ட்டர் இல்லை. வெளியே ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரசர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, கம்ப்ரசர் போச்சு என்கிறார்.

பதில்: அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. முனகி நின்றால் நான் முதலில் பார்ப்பது ரன் கெபாசிட்டரை, அதாவது கம்ப்ரசர் மோட்டார் கிளம்பி ஓட உதவும் பாகத்தைத்தான். மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் இருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் வயர்களை இரு முனையிலும் வைத்து இறக்குங்கள். வோல்ட் பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். அப்புறம் வயரைக் கழற்றி அளக்க வேண்டும். மேலே 50 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் என்று இருந்தால் 47.5-க்குக் கீழே போகக்கூடாது. கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம்.

இன்னொன்று. முனகி முனகிச் சூடான கம்ப்ரசரில் உள்ளே இருக்கும் ஓவர்லோடு (சூடானால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) திறந்துகொள்ளும். அப்போது காமன், ஸ்டார்ட், ரன் என்ற மூன்று முனைகளில் காமனிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் ஓப்பன் (இணைப்பு இல்லை) என்றே காட்டும். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் நடுவில் ஓம்ஸ் வருகிறதா? வந்தால் வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுற்று) அறுந்திருக்காது. நன்றாக ஆறவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட், ரன் இரண்டும் காமனோடு காட்டுவதைக் கூட்டினால் ஸ்டார்ட்-ரன் அளவு வர வேண்டும். பாடியோடு எதுவும் காட்டக்கூடாது. சூட்டோடு அளந்துவிட்டு நல்ல கம்ப்ரசரைக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி (குலசேகரம்): ஐப்பசி இடிக்குப் பிறகு இன்வெர்ட்டர் ஏசி உயிரே இல்லாமல் கிடக்கிறது. ஃபியூஸ் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ஃபியூஸுக்குப் பக்கத்தில் வட்ட வில்லை மாதிரி வேரிஸ்டர் (வோல்ட் எகிறினால் போர்டைக் காக்கும் பாகம்) இருக்கும். அது வெடித்தோ கருகியோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிரிட்ஜ் டயோடு (வீட்டு கரண்டை டிசியாக மாற்றும் பாகம்) ஷார்ட் ஆகியிருந்தால் புது ஃபியூஸும் உடனே போய்விடும். வெளி போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். மெயினை அணைத்து 10 நிமிடமாவது பொறுத்து, அளந்து பார்த்த பிறகே தொடுங்கள். மழைமேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் (காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்குவது) போட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. அதை நீக்கிவிடலாமா அண்ணா?

பதில்: கூடவே கூடாது அக்கா. குளிக்கிற தண்ணீர் அது, அந்த 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிதான் உயிரைக் காப்பது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து, துணைக்கு இருக்கும் ஹீட்டிங் காயிலின் இரண்டு வயரையும் கழற்றி மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் காயிலில்தான் கசிவு. அப்படியும் விழுந்தால் கம்ப்ரசர், ஃபேன், டெர்மினல் ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (தக்கலை): சென்சார் எரர் வருகிறது.

பதில்: வெப்பத்தை அளக்கும் அந்த சென்சார் பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும்; சிலதில் 5. கழற்றி, கைக்குள் பொத்தினால் ஓம்ஸ் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் மாற்றுங்கள்.

கேள்வி (குளச்சல், மறுபடியும்): அண்ணா, கெபாசிட்டரை அளந்தாச்சு. 50-க்கு 31தான் காட்டுகிறது.

பதில்: அதேதான். 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் வாங்கிப் போடுங்கள். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து, யூனிட்டில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். உப்புக் காற்றில் லக்கெல்லாம் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி) பச்சை பூத்திருக்கும். மெயின் அணைந்திருக்கும்போதே அதையும் வெட்டிப் புதிது போட்டுவிடுங்கள்.