கோல் விழவில்லை என்றால் யாரைக் கேட்பது?

கேள்வி: சார், இந்தியக் கால்பந்து அணிக்குக் கோச்சாக இருந்த ஸ்டிமாச் போய் மார்க்கெஸ் வந்தார், அவரும் போய் காலித் ஜமீல் வந்தார். கோலைத்தான் காணோம். எங்கள் டீமிலும் இதே கதை. மைதான ஓரத்து விங்கிலிருந்து பந்து உயர உயர வருகிறது, கோல் அடிக்க வேண்டிய ஃபார்வர்ட் பையன் தொடுவதே இல்லை. தலைமைக் கோச்சும் ஃபார்வர்டுகளைப் பழக்கும் கோச்சும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். தப்பு யார் மேல்?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: இந்திய அணியைப் பொறுத்தவரை ஸ்டிமாச்சின் பங்குதான் பெரிசு. 2019 முதல் 2024 வரை ஐந்து வருஷம் அணி அவர் கையில் இருந்தது. அத்தனை காலமும் கோலுக்குக் கேப்டன் சேத்ரி ஒருவரையே நம்பினார். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்றோம். வாங்கியது 6, போட்டது ஒன்றுகூட இல்லை. முகாமுக்கு நாள் போதவில்லை என்றார், சரி. மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றதற்கு என்ன சொல்வது? அன்று நாம் போட்ட ஒரே கோலும் சேத்ரி அடித்த பெனால்டி.

மார்க்கெஸ் 8 ஆட்டத்தில் ஜெயித்தது மாலத்தீவை மட்டும். எஃப்.சி. கோவா கிளப்பையும் இந்திய அணியையும் ஒரே நேரத்தில் பார்த்தார் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதற்குத் தலையாட்டிய இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1 தோற்றபோது, கோல் முன்னால் கிடைத்த அருமையான பந்தை ஆஷிக் குருணியன் வெளியே அடித்தார். அதற்குக் கோச்சைத் திட்டுவது நியாயமே இல்லை.

எந்தக் கோச் வந்தாலும் மாற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. நம் கிளப்புகள் மோதும் ஐ.எஸ்.எல். லீக் தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை, அதிக கோலுக்கான தங்கக் காலணியை ஒரு இந்தியர்கூட வாங்கியதில்லை. கிளப்புகள் நடு ஃபார்வர்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரரைத்தான் பிடிக்கின்றன. நம் பையன் விங்கில் ஓடுவான், இல்லையென்றால் பெஞ்சில் இருப்பான். வருஷம் முழுக்கக் கோல் முன்னால் நிற்காதவனை ஒரு முகாமில் கோல் அடிப்பவனாக்க யாரால் முடியும்? காலித் ஜமீலுக்கும் அதே பையன்கள்தானே. 2025 அக்டோபரில் கோவாவிலேயே சிங்கப்பூரிடம் 1-2 தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பும் போயிற்று.

இனி உங்கள் டீம். பி.டி. வாத்தியாராகப் பாளையங்கோட்டைப் பள்ளி மைதானங்களில் நான் அலுக்க அலுக்கப் பார்த்த காட்சி இது. விங் பையன் தலையைக் குனிந்துகொண்டு கொடிக்கம்பம் வரை ஓடுவான். “தூக்கிப் போடுலே!” என்று வெளியிலிருந்து சத்தம் வரும். தூக்கிப் போடுவான். கோல் முன்னாலிருக்கும் பெட்டிக்குள் நம் ஆள் ஒருவன், சுற்றி எதிராளிகள் மூன்று பேர். நம் மிட்ஃபீல்டர்கள் இரண்டு பேரும் நடுக்கோட்டுப் பக்கமே இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். பந்து எல்லார் தலைக்கும் மேலே போகும், திட்டு ஃபார்வர்டுக்கு விழும்.

அந்த மிட்ஃபீல்டர்கள் ஏன் ஏறி வரவில்லை? ஏறாதே என்று தலைமைக் கோச் சொல்லியிருப்பார், அல்லது எப்போது ஏறுவது என்று சொல்லித் தரவே இல்லை. அதே பந்து தரையோடு பின்னால் பெனால்டி புள்ளிக்கு வந்து, பையன் மல்லாந்துபோய் அடித்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால், அது பழக்கிய கோச்சின் வேலைக் குறை. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு தடவையும் பந்து எந்த இடத்தில் வீணாய்ப் போனது என்று குறியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் பொறுப்பு தலைமைக் கோச்சுக்குத்தான். அந்தப் பையனைத் தயவுசெய்து உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற சேத்ரியை மார்க்கெஸ் திரும்ப அழைத்தது சரியா?
– ஒரு வாசகி, பேட்டை

பதில்: சரியில்லை. 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டார், சந்தோஷம். அடுத்து வங்கதேசத்துடன் 0-0. 40 வயதுக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த நிமிஷங்களை இருபது வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்திருக்கலாம்.