பஞ்சாயத்துத் தலைவர் போதாதா?

கேள்வி: பன்னிரண்டாயிரம் பேர் வாழும் நவூரு தீவுக்கு ஓர் அதிபர், ஒரு நாடாளுமன்றம்! ஒரு பஞ்சாயத்துத் தலைவர் போதாதா? வந்த காசையெல்லாம் விமானம் வாங்கியும் கோபுரம் கட்டியும் தொலைத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இவர்களெல்லாம் தலைவர்களா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பஞ்சாயத்துத் தலைவர் போதாதா என்று நீங்கள் மட்டும் கேட்கவில்லை. 1960-களில் ஆஸ்திரேலிய அரசும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டது. கேட்டது ஹாமர் டிராபர்ட்டிடம். நீங்கள் கிண்டலடிக்கும் அந்த அதிபர் பதவியில் முதலில் உட்கார்ந்தவர் அவர்தான். ஹாமர் என்றால் சுத்தியல், பெயருக்கேற்ற ஆள்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள நவூருவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரச் சாலையில் காலையில் சைக்கிளை எடுத்தால் டிபனுக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இவ்வளவு சின்னத் தீவுமேல் வல்லரசுகளுக்குக் கண் விழுந்ததற்கு ஒரு கல்தான் காரணம். சிட்னியில் ஒரு கம்பெனி ஆபீசில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த கல் அது. நவூருவிலிருந்து யாரோ எடுத்து வந்தது. கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் 1899-இல் சந்தேகப்பட்டுச் சோதித்தார். உயர்தரப் பாஸ்பேட்! உரத்துக்கு உயிர்நாடி. அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த தீவு, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றுக்கும் கூட்டுச் சொத்துபோல ஆனது. அவர்கள் நாட்டு விவசாயிகளுக்குச் சந்தை விலையைவிடக் குறைத்து உரம் போனது. நிலத்துச் சொந்தக்காரனுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

டிராபர்ட் பிறந்தது 1922-இல். ஆஸ்திரேலியாவில் ஜீலாங்கில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வாத்தியார் ஆனார். 1942-இல் ஜப்பான் படை வந்து இறங்கியது. நவூரு மக்களில் 1,200 பேரை, பசிபிக்கில் ஜப்பான் பிடியில் இருந்த ட்ரக் என்ற தீவுக்கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வாத்தியாரும் அதில் ஒருவர். பட்டினி, நோய், குண்டுவீச்சு. போர் முடிந்து, 1946 ஜனவரி 31 அன்று 'ட்ரியென்சா' கப்பலில் வந்து நவூரு மண்ணில் கால்வைத்தவர்கள் 737 பேர். இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1956-இல் அவர் தீவின் தலைமைத் தலைவர். தோண்டத் தோண்டத் தீவு காலியாகிறது, இந்தச் சுமார் மூவாயிரம் பேரை எங்கே வைப்பது என்று ஆஸ்திரேலியாவுக்குக் கவலை வந்தது. குவின்ஸ்லாந்து கரைக்குப் பக்கத்தில் கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், வீடும் குடியுரிமையும் தருகிறோம், மொத்தமாக வந்துவிடுங்கள் என்றார்கள். தாராளம்தான். ஆனால் அங்கே அவர்கள் நடத்திக்கொள்ளக்கூடியது உள்ளாட்சி மட்டுமே, ஆட்சி ஆஸ்திரேலியாவுடையது. அதாவது, நீங்கள் சொல்லும் பஞ்சாயத்து! 1964-இல் டிராபர்ட்டும் அவருடைய சபையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவர் பாஸ்பேட் பக்கம் திரும்பினார். 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலை பேசி, சுரங்கத்தையே வாங்கிக்கொள்ள 1967-இல் ஒப்பந்தம் போட்டார். சுதந்திர நாளாக அவர்கள் வைத்துக்கொண்டது 1968 ஜனவரி 31. கப்பல் வந்து இறங்கிய அதே தேதி.

சரி, ஊதாரித்தனத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அரசின் விமானங்கள் பசிபிக் முழுக்கப் பல நாள் காலி இருக்கைகளோடு பறந்தன. மெல்பர்னில் 1977-இல் 52 மாடிக்கு 'நவூரு ஹவுஸ்' எழும்பியது. பாஸ்பேட் என்பது பறவை எச்சம் இறுகியது என்பார்கள்; அந்த எச்சத்தில் வந்த காசு என்று ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது. அந்தக் கோபுரத்தில் போட்டது, சுரங்கம் தீர்ந்துபோன பிறகு பேரப்பிள்ளைகளுக்கு என்று சேர்த்த நிதி. இதற்கெல்லாம் டிராபர்ட் பொறுப்பில்லை என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள பெரிய வருத்தம் வேறு. அடுத்தவன் தோண்டியதை எதிர்த்த மனிதர், சுரங்கம் தன் கைக்கு வந்ததும் அதே வேகத்தில் தோண்டினார். மண்ணை வழித்தெடுத்த இடத்தில் மிஞ்சுவது ஆள் உயரத்துக்கும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறை முனைகள். கீரை விதைக்கக்கூட அங்கே இடமில்லை. தீவின் நடுமேடு முழுக்க இப்படித்தான்.

பதவியும் அவருக்குப் பட்டுமெத்தையாக இல்லை. அப்போது நாடாளுமன்றத்தில் 18 பேர். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆட்சி போச்சு. 1976-இல் போய் 1978-இல் திரும்பினார். 1986-இல் மட்டும் இரண்டு தடவை நாற்காலி கைமாறி, இரண்டு தடவையும் சில வாரங்களுக்குள் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கூத்துக்கு நடுவில் செய்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். தீவில் மூன்றில் ஒரு பங்கு சுதந்திரத்துக்கு முன்பே தோண்டப்பட்டது; அதைச் சீர்செய்து தரவேண்டியது யார் பொறுப்பு என்று கண்டறிய ஒரு விசாரணைக் குழு போட்டார். தலைவராக வந்தவர் இலங்கைச் சட்ட அறிஞர் சி.ஜி. வீரமந்திரி. 1989 மே மாதம், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமேல் நவூரு வழக்குப் போட்டது. மூன்றே மாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து டிராபர்ட் பதவி இழந்தார். வழக்கு நிற்காது என்று ஆஸ்திரேலியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. நிற்கும் என்று 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் சொன்னது. டிராபர்ட் மெல்பர்னில் இறந்தது அடுத்த மாதம் 15-ஆம் தேதி. மறு ஆண்டே ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தங்கள் பங்கைக் கொடுத்தன. பஞ்சாயத்துத் தலைவர் போட்ட வழக்காக இருந்தால் ஹேக்கில் படியேறியிருக்கவே முடியாது. அங்கே நாடுகள் மட்டும்தான் வழக்காட முடியும்.

நீங்கள் பார்த்த வீடியோவில் விமானம் வந்தது, கோபுரம் வந்தது. அந்த அரைப் பென்னி வந்ததா?