செம்மண் நிலத்தில் கேரவன்: வாசகர் கேள்வி-பதில்

ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் எனப்படும் வறண்ட உட்பகுதிக்குக் கேரவனை (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை) இழுத்துக்கொண்டு போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். கையில் ஐந்து வாரம் இருக்கிறது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை கேரவனோடு போக அது போதுமா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

தாராளமாகப் போதும். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை சுமார் 2,700 கி.மீ. முழுக்கத் தார்ச் சாலைதான். ஆனால் ஒரே நாளில் 600 கி.மீ. ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டால் அங்கேதான் வம்பு தொடங்கும். 300 கி.மீ. அல்லது பிற்பகல் 3 மணி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். கேரவனோடு 85 முதல் 90 கி.மீ. வேகத்தில் போனால், நின்று இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து, 300 கி.மீ.க்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். குளிர்காலத்தில் (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) 6 மணிவாக்கில் சூரியன் மறையும். கங்காருக்கள் மேய வருவது அந்தியிலும் விடியலிலும்தான். பல இடங்களில் வேலி இல்லாததால் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். மூன்று டன் எடையை இழுத்துக்கொண்டு திடீரென்று பிரேக் போட முடியாது.

எங்கெங்கே தங்கலாம்? போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி சுமார் 540 கி.மீ. இதை இரண்டாகப் பிரித்து, பிம்பாவைத் தாண்டி லேக் ஹார்ட் உப்பு ஏரியோரத்து நிறுத்தத்தில் ஓர் இரவு. கூபர் பீடியில் இரண்டு இரவு. அங்கே பல வீடுகளே மண்ணுக்கடியில் இருக்கின்றன. பிறகு மார்லா, எர்ல்டண்டா என்று ஓரோர் இரவு. எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பினால் 245 கி.மீ.யில் யுலாரா. உலுரு என்ற பெரும்பாறையைப் பார்க்க அங்கேதான் தங்க வேண்டும், நான்கு இரவாவது. 2019 அக்டோபர் 26 முதல் பாறைமேல் ஏறத் தடை உண்டு. அடிவாரத்தைச் சுற்றி நடக்க அதிகாலையே ஏற்ற நேரம். கிங்ஸ் கேன்யனுக்கும் தார்ச் சாலை இருக்கிறது. அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குறுக்கே போகும் மெரீனி லூப் சரளைச் சாலை. அதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும், சாதாரணக் கேரவனுக்கு அது ஆகவும் ஆகாது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கேரவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் மேற்கு மக்டொன்னல் மலைத்தொடருக்குப் போய் வரலாம். ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு வரை தார்ச் சாலை. வடக்கே டி ட்ரீ, உருண்டைப் பாறைகள் நிற்கும் கார்லு கார்லு, டென்னன்ட் க்ரீக், எலியட், டேலி வாட்டர்ஸ். மாடராங்காவின் வெந்நீர் ஊற்றில் வருடம் முழுவதும் சுமார் 34 டிகிரி வெப்பம் இருக்கும். இரண்டு நாளாவது ஊறிவிட்டு காத்தரின் போனால், டார்வினுக்கு மிச்சம் 320 கி.மீ. மே கடைசியில் கிளம்புவது நல்லது. அப்போது வடக்கே மழைக்காலம் முடிந்திருக்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. வெளியே கிடக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். படுக்கப் போகுமுன் அதைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காரின் இழுவைத் திறன் 3,500 கிலோ. வாங்கப்போகும் கேரவன் 2,900 கிலோதான். விற்பவர் "கவலையே வேண்டாம்" என்கிறார். சரிதானா?

அவர் சொல்வது பாதிக் கணக்கு. பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. முதலாவது கேரவனின் ஏ.டி.எம். (பணம் எடுக்கிற இயந்திரம் இல்லை, சாமான் ஏற்றிய கேரவனின் உச்ச எடை.) இரண்டாவது காரின் ஜி.வி.எம்., அதாவது ஆட்களும் சாமானும் ஏறிய பின் கார் தாங்கக்கூடிய உச்ச எடை. மூன்றாவது ஜி.சி.எம்., அதாவது காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை.

ஓர் உதாரணம். காரின் வெற்று எடை 2,300 கிலோ, ஜி.வி.எம். 3,100, ஜி.சி.எம். 5,850 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரவனின் முன்பாரம் இணைப்புப் பந்தின் மேல் உட்காரும். அது வழக்கமாகக் கேரவன் எடையில் 10 சதவீதம், இங்கே 290 கிலோ. அது காரின் கணக்கில் சேரும். 3,100-இல் 2,300-ஐயும் 290-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 510 கிலோ. இரண்டு ஆட்கள், முன்பக்க இரும்புக் காப்புச் சட்டம், கூரைத் தட்டு, குளிர்ப்பெட்டி, கருவிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கும், ஆனால் இறுக்கம்தான். அதே காரில் நிஜமாகவே 3,500 கிலோ இழுத்தால் என்ன ஆகும்? 5,850-இல் 3,500 போக 2,350. காருக்கு மிச்சம் 50 கிலோ. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தாலே வரம்பு தாண்டிவிடும்!

கேரவனுக்கும் இதே கதைதான். வெற்று எடை 2,450, ஏ.டி.எம். 2,900 என்றால் ஏற்ற இடம் 450 கிலோ. 95 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிரம்பினாலே 190 கிலோ போய்விட்டது. காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல், எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். வரம்பு மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடம் இருக்கிறது.

கேள்வி: ரோட் டிரெயின் (பல இழுவண்டிகளைக் கோத்து இழுக்கும் நீள லாரி) கடந்து போகும்போது கேரவன் வாலாட்டுகிறது. பிரேக் போட்டால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது?

பிரேக் மிதிப்பதுதான் தவறு. கார் வேகம் குறைய, பின்னாலிருக்கும் எடை முன்னே தள்ளி, ஆட்டம் கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். திசைமாற்றியை நேராகப் பிடித்திருங்கள், ஆட்டத்தைத் துரத்தித் திருப்பாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் கைவிசையை மெல்ல இயக்கினால் கேரவனின் பிரேக் மட்டும் பிடித்து வண்டியைப் பின்னிழுத்து நேராக்கும். அந்த விசை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே கை போகிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

ரோட் டிரெயின் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அது தள்ளும் காற்றில் கேரவன் ஒருமுறை அசைவது இயல்பு. அசைவு அடங்காமல் தொடர்ந்தால் குறை உங்கள் சுமையில். பின்பக்கம் சைக்கிள், உபரி டயர், கருவிப்பெட்டி என்று தொங்கவிட்டிருந்தால் முன்பாரம் குறைந்து ஆட்டம் பிறக்கும். கனமானதை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். யு.எச்.எஃப். வானொலியில் 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் இருப்பார்கள். பின்னால் வருகிறவரிடம் "இடம் தருகிறேன், போங்கள்" என்று சொல்லி, அவர் வலப்பக்கம் ஏறிய பிறகு கொஞ்சம் வேகம் குறையுங்கள். கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேசுவது 18-இல்.

கேள்வி: ஊட்னடாட்டா தடத்தில் கேரவனோடு போக ஆசை. டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

மார்லாவுக்கும் மாரிக்கும் இடையே சுமார் 620 கி.மீ. சரளையும் மண்ணும். சில இடங்களில் தகரக் கூரை போல அலையலையாகக் கிடக்கும். மண்பாதைக்கென்று கட்டிய கேரவனாக இருந்தால் மட்டும் போங்கள். தார்ச் சாலைக்கான கேரவனில் அலமாரித் திருகுகள் முதல் நாளே கழன்று விழத் தொடங்கும்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. தார்ச் சாலை அழுத்தத்திலிருந்து கால் பங்கு குறைத்துத் தொடங்குங்கள். 40 பி.எஸ்.ஐ. இருந்தால் 30. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும், 60 அல்லது 70-க்கு மேல் வேண்டாம். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு. காலையில் குளிர்ந்த டயரை அளந்து, ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி அளக்கவும். 4 பி.எஸ்.ஐ. கூடியிருந்தால் சரி. லாரி வகைக் கனமான டயரில் 6 வரை. அதற்கு மேல் கூடினால் காற்று போதாது அல்லது வேகமோ சுமையோ அதிகம். கூடவே இல்லையென்றால் காற்று அதிகம்.

முதல் 50 கி.மீ.யில் நிறுத்திச் சக்கர நட்டுகளை முறுக்கு அளவியால் சரிபாருங்கள். சக்கர மையத்தின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமலே சூடு தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங் போகிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே புழுதி நுழைவது காற்றழுத்த வேறுபாட்டால்தான். கதவோர ரப்பரைச் சரிசெய்து, கூரைத் திறப்பை முன்பக்கம் பார்க்கக் கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளழுத்தம் கூடி, இடுக்குகள் வழியே புழுதி உறிஞ்சப்படுவது குறையும்.

மழை பெய்தால் தடத்தை மூடிவிடுவார்கள். மூடிய தடத்தில் ஓட்டினால் அபராதம், சேற்றில் புதைந்தால் மீட்புச் செலவு வேறு. இரண்டு மூன்று நாள் காத்திருக்கத் திட்டத்தில் இடம் வைக்காதவர்கள் இந்தப் பாதையைத் தொட வேண்டாம்.

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நல்லார்பார் சமவெளி வழியாகப் பெர்த் போகிறோம். காய்கறி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

மேற்கே போகும்போது எல்லையில் பார்டர் வில்லேஜ் அருகே மேற்கு ஆஸ்திரேலியாவின் சோதனைச் சாவடி. கேரவனைத் திறந்து பார்ப்பார்கள். பழம், காய்கறி, தேன் எல்லாம் அங்கேயே போய்விடும். திரும்பி வரும்போது சாவடி செடூனாவில். ஆக, எல்லைவரை சாப்பிடும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அரிசி, பருப்பு, மாவு இருந்தால் சமாளிக்கலாம்.

கேள்வி: தண்ணீர், கழிப்பறை?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். இது குளிக்க, துவைக்கச் சேராத கணக்கு. குடிநீரில் ஒரு பங்கைத் தொட்டியில் வைக்காமல் தனிக் கேன்களில் வையுங்கள். ஒரு கல் தெறித்துத் தொட்டிக் குழாய் உடைந்தால் முழுத் தண்ணீரும் தெரியாமலே ஒழுகிவிடும்.

பெட்டிக் கழிப்பறையின் கொள்ளளவு 20 லிட்டருக்குள்தான், இருவருக்கு இரண்டு மூன்று நாள். அதற்கென்றிருக்கும் கொட்டுமிடத்தில் மட்டுமே காலி செய்யுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த ரசாயனம் வேண்டாம். ஒதுக்குப்புற ஊர்களின் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளை அது கொன்றுவிடும்.

கேள்வி: கைபேசி எடுக்காத இடத்தில் வண்டி நின்றுவிட்டால்?

வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு ஆள் தெரியமாட்டான், வெள்ளைக் கேரவன் தெரியும். உயிருக்கு ஆபத்து என்றால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அறிவிப்புக் கருவியை இயக்குங்கள். அதை வாங்கியவுடன் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. டயர் பஞ்சருக்கு அதை அமுக்கக் கூடாது. அதற்கு யு.எச்.எஃப். வானொலியோ செயற்கைக்கோள் தொலைபேசியோ போதும்.

கேள்வி: எங்களுடையது பெட்ரோல் கார். மத்திய ஆஸ்திரேலியாவில் சில பங்க்குகளில் "ஓப்பல்" என்று எழுதியிருக்கிறதாமே, போடலாமா?

போடலாம். முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வதைத் தடுக்க, போதை தரும் 'அரோமாட்டிக்' வகை வேதிப்பொருள்களைக் குறைத்துத் தயாரித்த 91 ஆக்டேன் பெட்ரோல் அது. 2005-இல் வந்தது. சாதாரண 91 பெட்ரோலுக்குப் பதிலாகத் தயங்காமல் ஊற்றலாம். கார் 95 கேட்கிற வகை என்றால், அது எந்த ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலையோர பங்க்கும் கடையும்) கிடைக்கும் என்று முந்தின ஊரிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கேரவன் இழுக்கும்போது 100 கி.மீ.க்கு 18 லிட்டர் செலவு என்று வைத்தால் 80 லிட்டர் டாங்க் 440 கி.மீ. வரும். எதிர்க்காற்று அடித்துச் செலவு 22 லிட்டரானால் 360 கி.மீ.யிலேயே வற்றிவிடும். கேட்கும்போதே அந்த ரோட்ஹவுஸ் திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.