திருப்பி அடிக்கச் சொல்லலாமா?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பக்கத்தில் உட்காரும் பையன் கேட்காமல் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துவிட்டான் என்று, அவன் கையில் பென்சிலால் குத்திவிட்டான். ஆசிரியை வரவழைத்துச் சொன்னபோது எனக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நானும் இரண்டு அடி வைத்தேன். என் கணவரோ, ‘ஆண்பிள்ளை திருப்பி அடிக்கத்தான் வேண்டும், விடு’ என்கிறார். இவனை எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி,

முதலில் அந்த இரண்டு அடி. கோபம் வந்தால் கை நீட்டக்கூடாது என்பதைக் கை நீட்டித்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பெரியவர்கள் மட்டும் அடிக்கலாம் என்றுதான் அவனுக்குப் புரிந்திருக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. பள்ளிக்கு ஆகாதது வீட்டில் மட்டும் மருந்தாகிவிடுமா?

மகன் ஏமாளியாகிவிடுவானோ என்ற பயம்தான் உங்கள் கணவரை அப்படிப் பேச வைக்கிறது. நியாயமான பயம். ஆனால், ‘கேட்காமல் எடுக்காதே, எனக்குப் பிடிக்கவில்லை’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் ஏமாளி அல்ல. உங்கள் மகனுக்கு அந்த நேரத்தில் வார்த்தை வரவில்லை, பென்சில் வந்துவிட்டது. வார்த்தையைப் பழக்கிவிடலாம்.

1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜார்ஜ் ஸ்பிவாக், மிர்னா ஷூர் என்ற உளவியலாளர்கள் நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தார்கள். இன்னொரு பிள்ளையிடம் இருக்கும் பொம்மை உனக்கு வேண்டும், என்ன செய்வாய்? பல வழிகளை யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவாக இருந்தது. எனவே ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்பதை விட்டுவிட்டு, யோசிக்கவே கற்றுக்கொடுத்தார்கள். ‘அல்லது’, ‘வேறு’, ‘முன்னால்’, ‘பின்னால்’ போன்ற சின்னச் சொற்களை முதலில் விளையாட்டாகப் பழக்கிவிட்டு, அதே சொற்களைச் சண்டை நேரத்தில் எடுத்தார்கள்.

வீட்டிலும் இது முடியும். இட்லிக்குச் சட்னியா அல்லது பொடியா என்பதில் தொடங்குங்கள். பிறகு ஒரு சாயங்காலம், அவன் வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ‘அன்றைக்குக் குத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது? குத்திய பின்னால் என்ன ஆனது? வேறு என்ன செய்திருக்கலாம்?’ என்று கேளுங்கள். ‘மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம்’ என்பான். ‘சரி, அது ஒன்று. வேறு?’ அவ்வளவுதான் உங்கள் வேலை. பதிலை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவன் சொல்வது அசட்டுத்தனமாக இருந்தாலும், ‘அப்படிச் செய்தால் அவன் என்ன செய்வான்?’ என்று கேட்டால் தானே பார்த்துக்கொள்வான்.

நான் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது இரண்டு சிறுமிகள் ஸ்கிப்பிங் கயிற்றுக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதே காய் விட்டாயிற்று. ‘சாரி சொல்லு’ என்று இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். அன்று ஏனோ இருவரையும் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். ஒருத்தி பேசி முடித்ததும், அவள் சொன்னதை மற்றவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவள் முறை. மூன்றாவது சுற்றில், ‘இவள் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை’ என்று விம்மினாள் சின்னவள். அதுவரை கயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்! அதன் பிறகு பழம் விடுவதற்கு என் தயவு தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். இது இருவர் சண்டையா, அல்லது அந்தப் பையனோ அவன் கூட்டமோ உங்கள் மகனை நாள்தோறும் சீண்டுகிறதா? பட்டப்பெயர், சாதிப் பேச்சு, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால், பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும் என்று விடவே கூடாது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஆசிரியையைப் பார்த்து இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அதே பெஞ்சில் அதே பையன் பக்கத்தில் உட்காரட்டும். ‘இருவரும் ஸ்கெட்ச் பேனா விஷயத்தைப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள், மிஸ். தீர்ப்பு மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.