தெற்கு ஜப்பானில் ஏழு இரவுகள்: முதலில் எதை விடுவது?

கேள்வி: "கோவையிலிருந்து எழுதுகிறேன். வரும் மே மாதம் நான், மனைவி, 9 வயது மகன், 67 வயது அம்மா நால்வரும் ஜப்பான் போகிறோம். டோக்கியோ கூட்டம் வேண்டாம், இதமான வெயில் அடிக்கும் தெற்குப் பக்கம் போகலாம் என்று கியூஷு தீவைத் தேர்ந்தெடுத்தோம். ஃபுகுவோகாவில் இறங்கி அங்கிருந்தே திரும்புகிறோம். மொத்தம் ஏழு இரவுகள். நாகசாகி, பெப்பு, அசோ எரிமலை, தகாச்சிஹோ, மியாசாகி, ககோஷிமா, யாகுஷிமா எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். எந்த வாரம் போகலாம்? கார் எடுப்பதா, ரயில் பாஸ் வாங்குவதா?"

பதில்: உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. ஏழு ஊர், ஏழு இரவு என்றால் தினமும் காலையில் பெட்டி கட்டி, ஓட்டலைக் காலி செய்து, ரயிலுக்கு ஓட வேண்டும். வரைபடத்தில் கியூஷு சின்னதாகத்தான் தெரியும், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே போக புல்லட் ரயில் இருக்கிறது. ஹகாத்தா நிலையத்திலிருந்து (ஃபுகுவோகாவின் பெரிய ரயில் நிலையத்துக்கு இதுதான் பெயர்) ககோஷிமா-சூவோவுக்கு வேகமான வண்டியில் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். ஆனால் கிழக்குக் கடற்கரைக்கோ தெற்கு முனைக்கோ போனால் கதையே வேறு. அங்கே மலையும் கடலும் நெருங்கி நிற்க, நடுவில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒன்றிரண்டு பெட்டியோடு ஒரு வண்டி வரும், அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அட்டவணையைத் தேட வேண்டும். அதனால் அந்தப் பக்கம் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

நான் சில வருஷம் ஃபுகுவோகாவில் வேலை பார்த்தபோது இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிஷி-ஓயாமா என்று ஒரு ஸ்டேஷன், ஜே.ஆர். (ஜப்பானின் பெரிய ரயில் நிறுவனக் குழுமம்) ரயில் பாதையிலேயே ஆகத் தெற்கில் இருப்பது. ஆளில்லாத ஒரு நடைமேடை, பக்கத்தில் ஒரு மஞ்சள் தபால் பெட்டி, எதிரே வயலுக்கு அப்பால் கூம்பு மாதிரி 924 மீட்டர் உயரத்தில் கைமோன் மலை, அவ்வளவுதான். படம் எடுக்கும் ஆசையில் வந்த வண்டியைக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனி ஆள் என்பதால் பரவாயில்லை. அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு அப்படி உட்கார முடியாது.

சரி, எதை விடுவது? யாகுஷிமாவை யோசிக்காமல் விடுங்கள். புகழ்பெற்ற ஜோமோன் தேவதாருவைப் பார்க்க, போக வர 22 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க வேண்டும், முழு நாள் போய்விடும், மழைக்குப் பேர்போன தீவு வேறு. தகாச்சிஹோ பள்ளத்தாக்கு அழகுதான், எனக்கும் பிடித்த இடம். ஆனால் அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் பாதையை 2005 புயல் அடித்துக்கொண்டு போனது, பிறகு அதைத் திரும்பப் போடவே இல்லை. இப்போது பஸ் அல்லது கார், எப்படிப் போனாலும் ஒரு நாள் முழுசாகக் காலி. நாகசாகி, பெப்பு, அசோ மூன்றும் வடக்கு, நடுக் கியூஷுவில் இருப்பவை. அவை தனியாக ஒரு பயணத்துக்கு ஆகும். நீங்கள் தேடுவது தெற்கு என்றால் ககோஷிமாவும் மியாசாகியும் போதும். ஃபுகுவோகாவில் 1 இரவு, ககோஷிமாவில் 4, மியாசாகியில் 2. இரண்டே தடவைதான் பெட்டி கட்டுவீர்கள்.

எந்த வாரம் என்பதில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பான் முழுக்க 'கோல்டன் வீக்' விடுமுறை, ஓட்டலும் ரயிலும் நிரம்பி வழியும். மே கடைசியில், சராசரியாக 30ஆம் தேதி வாக்கில், தென் கியூஷுவில் மழைக்காலம் தொடங்கி ஜூலை நடுவரை நசநசவென்று பெய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில், மே 8 முதல் 24 வரைக்குள் உங்கள் ஏழு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் 25 டிகிரி பக்கம், இரவில் 17 பக்கம். கோவையின் மார்கழி என்று நினைத்துக்கொள்ளலாம், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். 'தெற்கு, அதனால் எப்போதும் சூடு' என்று நம்பி ஜனவரியில் அரைக்கை சட்டையோடு வந்து நடுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜனவரி இரவில் ககோஷிமா 5 டிகிரிக்கு இறங்கும். இன்னும் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுகள் வேறு, கியூஷு வேறு.

ககோஷிமாவில் ஓட்டலை ககோஷிமா-சூவோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள், டிராமும் பஸ்ஸும் வாசலில் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க சகுராஜிமாவுக்கு. ஊருக்கு எதிரே வளைகுடாவில் நிற்கும் 1,117 மீட்டர் எரிமலை அது, இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. படகில் 15 நிமிடம், 24 மணி நேரமும் ஓடும். தீவு என்று சொல்கிறோமே தவிர இப்போது அது தீவு இல்லை. 1914 ஜனவரியில் வெடித்தபோது வழிந்த எரிமலைக் குழம்பு 400 மீட்டர் அகல நீரிணையை அடைத்து, மலையை மறுகரையோடு ஒட்டவைத்துவிட்டது. குரோகாமி என்ற இடத்தில் கோவில் வாசல் வளைவு ஒன்று அப்போது சாம்பலில் புதைந்தது. 3 மீட்டர் உயர வளைவில் மேலே ஒரு மீட்டர் மட்டும் வெளியே தெரிகிறது. பையனை அதன் பக்கத்தில் நிற்க வைத்தால் பாடமே வேண்டாம். ஆனால் குரோகாமி மலைக்கு அந்தப் பக்கம், சுற்றுலா பஸ் அங்கே போகாது, டாக்ஸி பேசிக்கொள்ள வேண்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் படகுத்துறையிலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்ஸில் 373 மீட்டர் உயர யூனோஹிரா மேடை வரை போய் வாருங்கள். திரும்பியதும் படகுத்துறைக்குப் பக்கத்துப் பூங்காவில் 100 மீட்டர் நீளத்துக்கு வெந்நீர்க் கால்வாய் இருக்கிறது, அம்மா கால் நனைத்துக்கொண்டு எதிரே எரிமலையைப் பார்க்கலாம், இலவசம்.

பயமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். எரிமலை வாயைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாரையும் விடுவதில்லை, சுற்றுலா இடங்கள் அதற்கு வெளியே. உங்களுக்கு நிஜமான தொல்லை சாம்பல்தான். ககோஷிமா டிவியில் வானிலை சொல்லும்போது சகுராஜிமா மேல் காற்று எந்தப் பக்கம் என்றும் சொல்வார்கள், காரணம் யார் வீட்டுத் துணி அழுக்காகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். சாம்பலைக் கூட்டி வைக்க மாநகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது. காற்று ஊர்ப் பக்கம் என்றால் அன்று இபுசுகிக்குப் போய்விட்டு சகுராஜிமாவை மறுநாளுக்குத் தள்ளுங்கள். நான்கு இரவும் ஒரே ஓட்டலில் இருக்கச் சொன்னது இதற்காகவும்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் யாராவது இருந்தால் அன்று கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

இபுசுகியில் மணல் குளியல். கடற்கரை மணலுக்கு அடியில் வெந்நீர் ஊற்று ஓடுவதால் மணல் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். யுகாட்டா என்ற பருத்தி அங்கி போட்டுப் படுத்தால் கழுத்து வரை மண்வெட்டியால் மணலை மூடுவார்கள், 10 நிமிடம் போதும். ஜப்பானிய வெந்நீர்க் குளியல் என்றாலே துணியில்லாமல் இறங்க வேண்டுமே என்று கூச்சப்படும் நம்மவர்களுக்கு, மணலிலாவது உடையோடு படுக்கலாம் என்பது பெரிய ஆறுதல். மணல் கழுவும் இடம் பொதுக்குளியல்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மணலின் கனம் நெஞ்சை அழுத்தும், அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் படுக்க வைக்காதீர்கள். அங்கே போக 'இபுசுகி நோ தமாதெபாகோ' ரயிலில் டிக்கெட் போடுங்கள். கடல் பக்கம் வெள்ளை, மலைப் பக்கம் கறுப்பு. கடலுக்கடியில் இருக்கும் டிராகன் அரண்மனைக்குப் போய்வந்த உராஷிமா தாரோ என்ற மீனவன், திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்ததும் புகை கிளம்பி நொடியில் கிழவனான கதை அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அந்த நினைவில்தான் இந்த ரயிலின் கதவு திறக்கும்போதும் புகை மாதிரி நீராவி வரும். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான், எல்லாம் முன்பதிவு இருக்கை, கதையை முதல் நாளே பையனுக்குச் சொல்லி வையுங்கள்.

மீதி நாளில் செங்கான்-என் தோட்டம். 1658இல் ஷிமாசு பிரபுக்கள் அமைத்தது, சகுராஜிமாவைத் தோட்டத்து மலையாகவும் வளைகுடாவைக் குளமாகவும் பாவித்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அதன் எதிரிலேயே ரயில் நிலையம் திறந்துவிட்டதால் முன்புபோல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். சிரான் ஊரின் தற்கொலைப்படை விமானிகள் அருங்காட்சியகத்துக்கு 9 வயதுப் பையனோடு நான் போகமாட்டேன். அந்தப் பையன்கள் அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் பெரியவர்களையே இரண்டு நாள் தூங்கவிடாது.

ககோஷிமாவிலிருந்து மியாசாகிக்கு 'கிரிஷிமா' விரைவு ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கே மட்டும் ஒரு நாள் கார் எடுங்கள். இந்தியாவில் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும், அசல் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டுவது, அதனால் கை தானாக வரும். அங்கேதான் ஆபத்தும். சிவப்பு விளக்கில் 'ஃப்ரீ லெஃப்ட்' என்பது அங்கே கிடையாது, பச்சை அம்பு இல்லாமல் திரும்பினால் குற்றம். தலைகீழ் சிவப்பு முக்கோணப் பலகையைக் கண்டாலும், ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும், சக்கரம் முழுக்க நின்றுதான் கிளம்ப வேண்டும்.

அந்த ஒரு நாளில் நிச்சினான் கடற்கரை. முதலில் அவோஷிமா, பாலம் வழியே நடந்து போகும் குட்டித் தீவு, சுற்றளவு ஒன்றரை கிலோமீட்டர். சுற்றிலும் வரிவரியாகப் பாறை, 'பேயின் துணி துவைக்கும் பலகை' என்று பெயர். கடல் வற்றும் நேரத்தில்தான் முழுசாகத் தெரியும், ஓட்டலில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம் உடோ கோவில். கடலோரக் குகைக்குள் சந்நிதி, மேலிருந்து கீழே இறங்கிப் போகும் கோவில், அதனால் அம்மாவுக்குத் திரும்பி வரும்போதுதான் படி கஷ்டம், நிதானமாக ஏறட்டும். கீழே ஆமை வடிவப் பாறையின் குழியில் களிமண் உருண்டை எறிந்து விழுந்தால் நினைத்தது நடக்குமாம், ஆண்கள் இடக்கை, பெண்கள் வலக்கை. பையன் பத்து தடவை கேட்பான், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை மற்ற இடத்துக்கும் வேண்டும். பஸ்ஸில் பின்பக்கம் ஏறும்போது எண் போட்ட சீட்டு எடுத்து, இறங்கும்போது முன்னால் அந்த எண்ணுக்கு உரிய காசைப் போடும் முறை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. டோக்கியோவில் ஓடும் கார்டு எல்லா வண்டியிலும் ஓடும் என்று நம்பாதீர்கள். பையனுக்கு அரை டிக்கெட். ரயில் பாஸ் விலை சமீபத்தில் ஏறிவிட்டது, உங்கள் திட்டத்தில் நீண்ட பயணம் இரண்டேதான், தனி டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் கணிப்பில் பாஸ் வேண்டியிருக்காது.

சாப்பாடு. இதுதான் உங்களுக்குக் கஷ்டமான விஷயம், மழுப்பாமல் சொல்கிறேன். ஜப்பானில் காய்கறி சூப், நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கும், பெரும்பாலும் அது காய்ந்த சூரை மீன் கருவாட்டுச் சாறு. அந்தக் கருவாட்டை நாட்டிலேயே அதிகம் தயாரிப்பது இபுசுகிக்கு மேற்கே இருக்கும் மகுராசாகி. அதாவது நீங்கள் போவது அதைத் தயாரிக்கும் வட்டாரத்துக்கே. 'சைவம்' என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றோடு தருவார்கள், அவர்கள் கண்ணில் அது தப்பே இல்லை. "நிக்கு, சகானா, தமாகோ, தாஷி நாஷி தெ ஒனெகாய்ஷிமாஸ்", அதாவது இறைச்சி, மீன், முட்டை, தாஷி இல்லாமல் தாருங்கள் என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்வதைவிடக் காட்டுவது பலிக்கும். அம்மாவின் தினப்படிக்கு நான் நம்புவது புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்தான். வெந்த வெள்ளைச் சோற்றுப் பாக்கெட் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ககோஷிமாவில் பிரமாதம். எரிமலை மண்ணில் தண்ணீர் நிற்காததால் நெல்லைவிட அதுதான் அங்கே நன்றாக வரும்.

மே மாதம் மியாசாகி மாம்பழ சீசனும்கூட. 350 கிராமுக்குக் குறையாமல், சர்க்கரை அளவு 15 சதவீதமாவது இருந்தால்தான் 'சூரியனின் முட்டை' என்ற முத்திரை, 2019இல் முதல் ஏலத்தில் ஒரு ஜோடி 5 லட்சம் யென்னுக்குப் போனது. நல்ல பழம்தான், நார் இல்லை. ஆனால் இமாம் பசந்து சீசனில் கோவையை விட்டுப் போகிறவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

திரும்பும்போது மியாசாகியிலிருந்து ஃபுகுவோகாவுக்கு ரயிலில் வராதீர்கள், கிழக்குக் கடற்கரை வழியே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ககோஷிமா வழியே வந்தாலும் நான்கு மணி நேரம் பக்கம். விமானம் ஒரு மணி நேரத்துக்குள், மியாசாகி விமான நிலையத்துக்கு ஊருக்குள்ளிருந்து ரயிலில் 10 நிமிடம்தான். ஒன்று மட்டும் கவனம், நீங்கள் இறங்குவது ஃபுகுவோகாவின் உள்நாட்டு முனையத்தில். பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், பெட்டியை எடுத்துக்கொண்டு இலவச பஸ் பிடித்துப் போக வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.