புதுத் தோட்டாக்கூட்டில் கறை எப்படி வந்தது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவன். தோட்டாவையும் அவனே நிரப்பிக்கொள்கிறான். புதிதாக வாங்கிய காலிப் பித்தளைக் கூடுகளின் படம் அனுப்பினான். கழுத்தருகே பழுப்பும் நீலமுமாகக் கறை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? புதுசு என்றால் அதை ஏன் உட்கார்ந்து சீவிக்கொண்டிருக்கிறான்?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: யாரும் ஏமாற்றவில்லை அம்மா. வடக்கே ஒரு தோட்டா ஆலையில், பித்தளைக் கூடு இழுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். அந்தக் கறையைத் தினம் தினம் பார்த்தவன். அது நெருப்புப் பட்ட தடம்.

கூட்டுப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30. சின்னக் கிண்ணம் போல அடித்து, அப்புறம் பல தடவை இழுத்து நீட்டுவார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும். அதனால் நடுநடுவே சூடு காட்டி இளக்குவோம். கடைசிச் சூடு கழுத்துக்கு மட்டும். அடிப்பக்கம் இறுக்கமாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். ராணுவத் தோட்டாக்களில் அந்த நிறத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். கடைச் சரக்கில் பெரும்பாலும் பளபளப்புக்காகத் தேய்த்து எடுத்துவிடுவதால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

இந்தச் சூட்டுக்குப் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் சுடாமலேயே விரிசல் விட்டன. ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921-ல் காரணத்தை விளக்கினார்கள். இழுத்த பித்தளைக்குள் தங்கிய இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், ஈரமும் சேர்ந்து செய்த வேலை. சூடு காட்டி அந்த இழுவிசையைப் போக்கினால் விரிசல் நின்றது.

சரி, சீவுவது எதற்கு? பையில் ஒன்றோடொன்று மோதி வந்த கூடுகளின் வாய் நசுங்கியிருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் வட்டம் கோணியிருப்பது தெரியும். டை என்ற இரும்பு அச்சில் ஒருமுறை விட்டு வாயை நேராக்குவார்கள். வெர்னியரில் நீளம் பார்த்து, கூடுதலாக இருப்பதை வெட்டிச் சமமாக்குவார்கள். வெட்டிய விளிம்பில் நகத்தை வைத்தால் பிசிர் மாட்டும். உள்ளும் புறமும் லேசாகச் சீவினால்தான் குண்டு உரசாமல் இறங்கும். அடியில் நெருப்புப் போகும் துளையைக் குத்தித் திறந்திருந்தால் அதன் உட்புறத்திலும் பிசிர் நிற்கும். பொறுமையான வேலை. உங்கள் பிள்ளை இதையெல்லாம் செய்கிறான் என்று கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே இதைப் பார்த்து யாரும் இறங்கிவிடக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பளபளப்பாக இருக்கட்டும் என்று அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைப் போட வேண்டாம். புளித்தண்ணீர் மாதிரி புளிப்பிலும் வெகுநேரம் ஊறப்போட வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கையில் புளியோடு மறந்து வைத்த சொம்பு செந்நிறமாகிப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அது துத்தநாகம் கரைந்து செம்பு மேலே நிற்பது. சொம்புக்கு அதனால் ஒன்றுமில்லை, கூட்டுக்கு ஆகாது.